உப்புக்கறை போன கதவு

மூன்று முறை சத்தியம் செய்தாயிற்று, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

குளியலறைக் கண்ணாடிக் கதவில் பாறையாய்ப் படிந்திருந்த உப்புக்கறையை, மூன்று நாள் வினிகர் தடவித் தேய்த்தே போக்கிவிட்டாள் மனைவி. நான்காம் நாள் காலை, எதையும் லேசில் மெச்சாத தன் அம்மாவை அழைத்துவந்து காட்டினாள்.

“அடியம்மா! கதவு இருக்கறதே தெரியலையேடி!”

“எல்லாம் உங்க பொண்ணு கைவண்ணம் அத்தை” என்றான் கணவன், குறுக்கே நின்றபடி.

“ஒரு ஈ நேரா உள்ள போச்சே மாப்பிள்ளை?”

“மேல சந்து இருக்கு அத்தை.”

மாமியார் கையை நீட்டினார்.

“ஐயோ, தொடாதீங்க! கைரேகை பதிஞ்சிடும். மூணு நாள் உழைப்பு!”

மனைவி உருகிப்போனாள். “என் வேலைமேல இவருக்கு எவ்வளவு மரியாதை பாரும்மா!”

அவள் அம்மாவை அழைக்கப் போயிருந்த நேரத்தில் அவன் வழுக்கி விழுந்து நொறுக்கிய அந்தக் கதவு, மாடிப்படிக்கு அடியில் இரண்டு சாக்கு மூட்டைகளாகக் கிடந்தது.