கோணலாய்ப் பூட்டிய குழாய்

ரோபோ எறிந்த முதல் பந்து கூடைக்கு இடப்புறமாகப் போய் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான்.

மூன்றாவது பந்து நடுவரின் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. மண்டபமே சிரித்தது.

சுபாஜினி சிரிக்கவில்லை. ஒரே ஆட்டம். வெல்கிற அணி மட்டுந்தான் கொழும்புக்குப் போகும். விசில் ஊதியாயிற்று, இனி ரோபோவில் கை வைக்கக்கூடாது. ரிமோட்டால் ஓட்டலாம், அவ்வளவுதான்.

எதிரணியின் ரோபோவோ பிசகாமல் எறிந்துகொண்டிருந்தது.

அவள் யோசித்தாள். பந்தை உந்தித்தள்ளும் இரண்டு சில்லுகளும் சரியாகத்தான் சுழல்கின்றன. எங்கேயாவது தளர்ந்திருந்தால் பந்துகள் அங்குமிங்கும் விழவேண்டும். இவை மூன்றும் ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன.

அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

ரோபோவை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள்.

“என்னடி செய்யிறாய்? கூடை அங்காலை!” அணித்தோழி சாருஜா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“உவையின்ரை ரோபோவுக்கு வாக்குக்கண்ணடா!” என்று எதிரணித் தலைவன் சிவதர்ஷன் கத்தினான்.

ரோபோவின் முகம் எங்கேயோ பார்த்தது. ஆனால் அதன் மேல் இடப்பக்கம் சரித்துப் பூட்டியிருந்த, பந்து வெளிவரும் குழாய், இப்போது நேராகக் கூடையைப் பார்த்தது.

பொத்தானை அழுத்தினாள்.

பந்து கூடைக்குள் விழுந்தது.

அடுத்ததும். அதற்கடுத்ததும். சிரித்தவர்கள் கதிரைகளை விட்டு எழுந்தார்கள். எதிரணியை முந்திய பந்து விழுந்ததும் முடிவு விசில் ஒலித்தது. சாருஜா பிடித்த தோளை விடாமலே துள்ளினாள்.

நடுவர் சட்டையைத் துடைத்தபடி வந்தார். “ஏன் பிள்ளை, குழாயைக் கோணலாப் பூட்டினனீங்கள்?”

“நாங்கள் பருத்தித்துறைக் கடற்கரையிலை வைச்சுத்தான் பழகினனாங்கள், சேர். சோளகக் காத்து பந்தை வலப்பக்கமாத் தள்ளிக்கொண்டு போகும். அதுக்குத் தக்கனதான் பூட்டினது.”

“பள்ளிக்கூடத்திலை ஹோல் இல்லையோ?”

“இருக்கு, சேர். உவைக்குக் குடுத்திட்டினம்.”

அவள் கைகாட்டிய இடத்தில் சிவதர்ஷன் நின்றான். அவன் சட்டையிலும் அவள் சட்டையிலிருந்த அதே பாடசாலைச் சின்னம்.

அவன் காற்சட்டைப் பையைத் துழாவி, பாடசாலை மண்டபப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினான்.

“இந்தா. கொழும்பு ஹோலிலையும் காத்து இராது.”