ஒரு அடி மண்

கடகடவென்று இரும்புச் சங்கிலி உருள, பொக்லைன் மறுபடியும் வயலுக்குள் இறங்குகிறது. மேல்மண் செங்கல் சூளைக்குப் போகிறது. மேட்டு நிலம் ஒரு அடி தாழ்ந்தால் வாய்க்கால் தண்ணீர் தானாக ஏறும் என்று கணவன் சொன்னதால்தான் அவள் சம்மதித்தாள். ஆழம் பார்ப்பதற்காக வெட்டாமல் விட்ட மண்தூண் ஒன்று வயல் நடுவே நிற்கிறது. அதன் தலையில் மட்டும் இன்னும் புல். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு அடியில் முடிச்சுப் போட்ட கயிற்றை அவள் தூணின் உச்சியிலிருந்து தொங்கவிடுகிறாள். முடிச்சுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் பள்ளம். அங்கே கறுப்பு மண் தீர்ந்து, களைகூட முளைக்காத வெள்ளைச் சரளை பல்லைக் காட்டுகிறது. அவள் கையை உயர்த்த, இயந்திரம் உறுமலைக் குறைக்கிறது. "நிறுத்துங்க தம்பி, அளவு தாண்டிடுச்சு. கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா?" வரப்பில் கணவன் செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறான், நிமிரவே இல்லை. "என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்." அவன் அடுத்த செருப்பைக் கழற்றுகிறான். ஓட்டுநர் சங்கடத்தோடு அவனை ஒரு முறை பார்த்துவிட்டு அவளிடம் சொல்கிறான்: "அக்கா, மூணு அடிக்குத்தானே அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு?"