ஓரத்து எண்கள்
கணினிப் புரோகிராம் எழுதும் ஆர்வலர்கள் கூடும் அறையில், மூட்டை தூக்குகிறவர் தம் பழைய புரோகிராம் புத்தகத்தை விற்க மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். சன்னல் வெயில் அதன் கசங்கிய அட்டைமேல் விழுந்து கிடக்கிறது. கண்ணாடி போட்ட பெண் புரட்டுகிறாள். "ஏண்ணே விக்கிறீங்க?" "நம்ம மண்டையில ஏறலம்மா. பார்த்துப் பார்த்து அடிச்சாலும் ஓட மாட்டேங்குது." அவள் தன் கணினியை அவர் பக்கம் தள்ளுகிறாள். "எங்க, அடிங்க பார்ப்போம்." காய்த்துப்போன விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துகிறது. "ஐயோ அண்ணே, புத்தகத்துல ஓரமா இருக்கிற ஒண்ணு, ரெண்டையுமா அடிப்பீங்க? அது எத்தனாவது வரின்னு காட்டுற நம்பர்!" பக்கத்துத் தாடிக்காரன் சிரிக்கிறான். "நானும் அப்படித்தாண்ணே முட்டிக்கிட்டுக் கெடந்தேன்." எண்களை அழித்ததும் திரையில் விடை வந்து நிற்கிறது. அவர் இமைக்காமல் பார்க்கிறார். "சரி, என்ன விலைண்ணே?" அவர் புத்தகத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். "போம்மா, இப்பத்தான் முதல் பக்கமே புரிஞ்சிருக்கு."