பலகையில் இல்லாத பெயர்

நாற்பத்தொரு மணி நேரம் மட்டுமே அருமைநாயகம் போக்குவரத்து ஆணையத்தின் இடைக்காலத் தலைவராக இருந்தார். முன்னாள் தலைவர்களின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை. அவர் இறந்தபின், அதை எழுதச் சொல்லி மனைவி எஸ்தர் மூன்றாம் முறையாக வந்திருந்தார்.

“இடையில பொறுப்பு பாத்தவங்க பேரெல்லாம் போட்டா சுவரு பத்தாதும்மா,” என்றார் மேலாளர். எழுத்தர்கள் சிரித்தார்கள்.

எஸ்தர் பலகையையே பார்த்தார். ஒன்பதாம் தலைவர் மூன்றாம் தேதி மாலை போயிருந்தார். பத்தாமவர் ஐந்தாம் தேதி காலை வந்திருந்தார்.

“சாருக்கு மரியாதைக் குறைவுன்னு நெனைக்காதீங்க.”

“மரியாதைக்குக் கேக்கல சார். நாலாம் தேதி டெப்போ வாசல்ல, ஸ்டிரைக்ல நின்ன ஆறு பேரைச் சுட்டாங்க. உத்தரவு யாருதுன்னு தெரியலன்னு ஃபைலை மூடிட்டீங்க. சுடச் சொன்னது என் வீட்டுக்காரர்.”