நிழலில் காயும் புல்

அவள் கூண்டுக்குள் ஒரு வைக்கோல் தாளை நீட்டினாள்.

கினிப் பன்றி முகர்ந்து பார்த்தது. திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அதன் முதுகில் மஞ்சள் சாயம். இன்னொன்றுக்குக் கழுத்தில். அடையாளத்துக்காகக் கல்லூரியில் பூசியது.

அவள் கணவன் பார்மஸி கல்லூரியில் லேப் உதவியாளன். அங்கே விலங்குகள் வைத்திருந்த அறையை மூடினார்கள். எலிகளையும் முயல்களையும் வேறு கல்லூரி எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு கினிப் பன்றிகளை யாரும் கேட்கவில்லை.

அட்டைப்பெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"கேக்காம கொண்டாந்துட்டனுங்க."

பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். வைகாசியில் கல்யாணம். அவள் முகத்தைப் பார்த்துப் பேச அவனுக்கு இன்னும் வரவில்லை. அவளுக்கும்தான்.

முதுகில் மஞ்சள் உள்ளது தீவனத்தைத் தொடுவதை நிறுத்தியது. பிறகு முட்டைக்கோசையும்.

கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். பல்லை ராவி விட்டார்.

"பல்லு வளந்துட்டேதான் இருக்கும். காஞ்ச புல்லை மென்னாத்தான் தேயும், வயிறும் ஓடும். வைக்கோல்ல ஒண்ணுமில்ல. பச்சை மாறாம நிழல்ல காஞ்ச புல்லு வேணும். அது தின்னலைன்னா தாங்காதும்மா."

அது எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதை மடியில் போட்டுக்கொண்டாள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தீவனத்தைக் கரைத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி அவள் புடவையில் வழிந்தது.

உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

அவன் பக்கத்தில் துண்டோடு நின்றான்.

கரூரில் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் பாக்கெட் புல் இருந்தது. பிரித்தால் பழைய சாக்கு வாடை. பழுப்புத் தூசி. கினிப் பன்றிகள் இரண்டும் தும்மின. அவனும் தும்மினான்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க.

பூக்கடையில் பிள்ளையாருக்குக் கட்டிவைத்த அருகம்புல் வாங்கினான். தண்ணீர் தெளித்துத் தெளித்து அடிக்கட்டு அழுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போனார்கள். அவள் பின்னால் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

ஒரு மேய்ச்சல் காட்டின் வேலியோரம் கொழுக்கட்டைப் புல். முழங்கால் உயரம். அணில் வால் போல் கதிர்கள், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து.

ஒரு தாளை ஒடித்து மென்று பார்த்தாள். இனித்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"ஆட்டுக்காப்பா?"

"இல்லீங்க," என்றான். "ஊட்ல ரெண்டு பேருக்குங்க."

அந்த அம்மா அவனைப் பார்த்தாள். பின்னால் நின்றவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"தின்னுங்க, தின்னுங்க," என்று சிரித்துக்கொண்டே அரிவாளைக் கொடுத்தாள்.

மொட்டை மாடியில் ஒற்றை அறையும் அடுப்படியும்தான் அவர்கள் வீடு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவனுடைய வேட்டியை விரித்துப் புல்லைப் பரப்பினார்கள்.

காற்று சும்மா விடவில்லை. புல் பறந்தது. வேட்டி பறந்தது. இருவரும் மாடி முழுக்க ஓடினார்கள். பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவர்கள் நின்று பார்த்தார்கள்.

"தாரணி, அந்தப் பக்கம்! பிடி, பிடி!"

அவள் பெயரை அவன் இத்தனை சத்தமாகச் சொன்னதே இல்லை.

புல் காய்ந்தது. பச்சை போகவில்லை. கையில் அள்ளினால் மழை பெய்து விட்ட காடு மாதிரி வாசம்.

ஒரு தாளை நீட்டினாள்.

அது முகர்ந்தது. முகர்ந்துகொண்டே இருந்தது. புல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கம்பியும் தட்டும்தான்.

அவன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். முழங்கால்கள் தொட்டன. யாரும் நகரவில்லை.

நுனியைக் கடித்தது.

நின்றது.

பிறகு நறநறவென்று தாள் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவள் விரல் வரைக்கும்.

"இன்னொண்ணு குடுங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். போகும்போது அவள் கம்பியைப் பிடிக்கவில்லை.

அந்தப் புல்லும் தொட்டி நிழலில் கிடக்கையில் அவள் அப்பா வந்தார். கையில் பலகாரப் பை. விடிந்தால் ஆடி. புதுப்பெண்ணை அழைத்துப் போக வந்திருந்தார். மாதம் முடியும்வரை அவள் பிறந்த வீட்டில்தான்.

"துணிமணி எடுத்து வெச்சுட்டயா அம்மணி? மத்தியான பஸ்ஸைப் புடிக்கோணும்."

அவன் மாமனாருக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனான்.

அவள் தொட்டி நிழலைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். இரண்டும் எதையோ மென்றுகொண்டிருந்தன.

"புல்லு இன்னும் காயலீங்கப்பா."

அடுப்படியில் ஆற்றிக்கொண்டிருந்த காப்பியின் சத்தம் நின்றது.

அப்பா எழுந்து போனார். தொட்டியடியில் குனிந்து ஒரு பிடி அள்ளினார். மூடிய கைக்குள் புல் மொறுமொறுவென்று நொறுங்கியது.

மகளைப் பார்த்தார். அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஆமா அம்மணி. ஈரமாத்தான் இருக்குது. உங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."