தவளைக் கல்யாண மழை

வானத்தை வழிக்குக் கொண்டுவரும் வல்லமை ஸ்ரீராம்புரத்தில் தணிகாசலம் ஒருவருக்குத்தான் உண்டு. இதைச் சொன்னவரும் தணிகாசலம்தான்.

மழை வேண்டித் தவளைக் கல்யாணம் நடத்தினார். பெய்யாவிட்டால் மீசையை எடுப்பதாக மருமகன் லோகேஷிடம் பந்தயம். மஞ்சள் பூசிய பெண் தவளையின் கழுத்தில் தாலி ஏறியதும், கொட்டியது மழை.

"வங்காள விரிகுடாவுல காத்தழுத்தத் தாழ்வு மாமா. அதான் மழை," என்றான் லோகேஷ்.

"அது பத்து நாளா எங்க மாப்ள இருந்துச்சு? முகூர்த்தத்துக்குக் காத்துக்கினு இருந்துச்சா?"

தெருவே சிரித்தது. தணிகாசலத்துக்கு மாலை விழுந்தது. நனைந்த மீசையை முறுக்கிக்கொண்டு, மணமக்களை ஏரியில் விடப் புறப்பட்டார்.

மனைவி குப்பம்மா காதோரம் வந்தாள். "பொண்ண இப்படிக் குடுத்துட்டுப் போங்க. பாப்பா அழுவுது."

நிஜ மணமகள் காலையிலேயே சாக்கடையில் குதித்துவிட்டது. தாலி கட்டிக்கொண்டது பேத்தியின் ரப்பர் தவளை.