பாதிக்குப் பாதி

ஆற்றில் கிடைத்த எலும்பின் டி.என்.ஏ. வரிசையை, காணாமல்போனவர்களின் தாய்மார்கள் கொடுத்திருந்த வரிசைகளோடு ஆய்வகக் கணினி ஒப்பிட்டது. ஒரு தாயோடு சரிபாதி பொருந்தியது. பெற்ற பிள்ளைக்குத்தான் அப்படிப் பொருந்தும்.

ஆய்வாளர் அந்தத் தாயை ஃபோனில் அழைத்தார்.

"உங்க பையன் விஷயமா பேசணும்மா..."

"அவன்தான் போன வருஷமே வீட்டுக்கு வந்துட்டானே! உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"அவன் ஒருத்தன்தான்."

ஆய்வாளர் கணினித் திரையை மறுபடி பார்த்தார். "பதறாதீங்கம்மா. ஆத்துல கிடைச்சது உங்க பையனோட எலும்பு. வீட்டுல இருக்கறது வேற யாரோ."

மறுமுனையில் கதவை மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என் பையன்தாங்க," என்றாள் தாய், தணிந்த குரலில். "வந்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. செத்துட்டோம்னு அவனுக்குத்தான் இன்னும் தெரியாது. நீங்க பாட்டுக்கு லெட்டர் கிட்டர் அனுப்பிடாதீங்க. வீட்டுக்கு வர்ற தபாலெல்லாம் அவன்தான் பிரிச்சுப் படிக்கிறான்."